எல்லோருக்கும் கையுறை

கையுறைகள் ஒரு திங்கட்கிழமை வந்தன. மேனேஜர் அந்த அட்டைப்பெட்டியைக் கோப்பை வாங்கியவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திவந்து, மூக்குக்கண்ணாடி பொருத்தும் மேசைமேல் வைத்தார். பெட்டியின் மேல் 'தோல் நிறம்' என்று அச்சடித்திருந்தது. அந்த நிறத்தில் தோல் உள்ளவர் அந்தத் தெருவிலேயே இல்லை. எதிர்த் துணிக்கடையின் ஜன்னலில் நிற்கும் பொம்மைகளை வேண்டுமானால் சொல்லலாம்.

"அதாவது, இது உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

மேனேஜரால் 'அதாவது' இல்லாமல் வாயைத் திறக்க முடியாது. முன்னால் ஒன்றுமே சொல்லாமல் நேரே விளக்கத்தில் இறங்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. கடையில் அவருக்குப் பட்டப்பெயரே அதாவதுதான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி என்பது அவருடைய படிப்பு, அனுபவம், நற்சான்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே தகுதி. கடைக்குள் முதலாளியைச் 'சார்' என்பார், வாசலைத் தாண்டினால் 'மாமா' என்பார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட நாள்களில் மட்டும் கடைக்குள்ளேயே மாமா வந்துவிடுவார்.

எதிலிருந்து பாதுகாப்பு என்று ஃபிட்டிங் அக்கா கேட்டாள். அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கடையில் விற்கிற கண்ணாடி எதுவும் அவள் கைக்கு வராமல் ஒரு மூக்கின்மேல் ஏறியதில்லை. கண்ணாடியின் காதுக்கொக்கியை, பொடிமணிகள் நிரப்பிச் சூடாக்கிய மணித் தட்டில் புதைத்து எடுப்பாள், விரல் நுனியில் தொட்டுப் பதம் பார்ப்பாள், வளைப்பாள், வந்தவரின் காதுக்குப் பின்னால் ஒரு விரலை ஓட்டி எங்கே இடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று பார்ப்பாள். மூன்று நிமிஷ வேலை. சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சரியாக நடக்காவிட்டால் தலைவலி வந்து, டாக்டரைக் குறை சொல்லி, கண்ணாடியைக் குறை சொல்லி, கடைசியில் கடையை மாற்றுவார்கள்.

போன வருஷம் அவளுடைய ஆள்காட்டி விரலில் அரிசியளவு ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு புறங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. இப்போது இரண்டு கையிலும் யாரோ வெள்ளை பெயிண்ட்டைத் தெளித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, நிறம் மட்டும்தான் போகிறது, ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றாது என்று சொல்லி அனுப்பினார். நிறம்தானே போச்சு, வேலையா போச்சு என்று அக்காவே கடையில் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு அவசரப்பட்டுவிட்டது.

மேனேஜர் விளக்கினார். அதாவது, சில வாடிக்கையாளர்கள் சங்கடப்படுகிறார்கள். முகத்தைத் தொடுகிற வேலை. கையுறை பிடிக்கவில்லை என்றால் கட்டாயமில்லை, பின்னறையில் லென்ஸ் அறுக்கிற அண்ணனுக்கு உதவியாக உட்காரலாம், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

எந்த வாடிக்கையாளர் என்று அக்கா கேட்டாள்.

"பொதுவா சொல்றேன்."

"பொதுவா ஒருத்தர் கடைக்குள்ள வந்து கண்ணாடி வாங்கிட்டுப் போனாரா? எனக்கு ஞாபகமில்லையே."

கல்லாவில் இருந்த, எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடுகிற பெண் சிரிப்பை அடக்க ரசீதுக் காகிதத்தை மாற்றுவதுபோல் குனிந்தாள். மேனேஜருக்கு முகம் கறுத்தது. கையுறை போடவில்லை என்றால் நாளையிலிருந்து மேசையில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வாக்கியத்துக்கு மட்டும் அதாவது தேவைப்படவில்லை.

அந்த மேசைதான் அக்காவுக்கு எல்லாமும். பின்னறைக்குப் போனவர்கள் யாரும் முன்னறைக்குத் திரும்பி வந்ததில்லை. பின்னறையிலிருந்து வெளியே போகவே ஒரு தனிக் கதவு இருந்தது, அது குப்பைத்தொட்டிகள் நிற்கிற சந்தில் திறக்கும். அங்கே உட்கார்ந்து கொஞ்ச நாளானதும், உங்களுக்கு இங்கே வேலை அவ்வளவாக இல்லையே என்று அன்போடு விசாரிப்பார்கள். அப்புறம் அந்தக் கதவுதான்.

அதனால் போட்டுக்கொண்டாள். பாத்திரம் கழுவப் போடுவது போன்ற தடித்த ரப்பர். மறுநாள் காலையில் வந்த முதல் ஆள் ஒரு வங்கி அதிகாரி, உட்காரும்போதே நாற்காலிக்குக் கடன் கொடுத்த மாதிரி உட்காருபவர். அக்கா கொக்கியைச் சூடாக்கி எடுத்தாள். விரலில் தொட்டுப் பார்த்தாள், ரப்பருக்குள் இருந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் காதில் வைத்தாள். அதிகாரி துள்ளி எழுந்தார். காதின் மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

மேனேஜர் இதற்காகக் காத்திருந்தவர் மாதிரி ஐஸ்கட்டியோடு ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்டார், இலவசமாகக் கண்ணாடித் துடைப்பான் கொடுத்தார், வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இதுவரை கற்பனையில் இருந்த வாடிக்கையாளர் கடைசியில் உடம்பெடுத்து வந்துவிட்டார். அதாவது, இப்போது ஒரு புகார் இருக்கிறது என்றார்.

கையுறையால்தான் சுட்டது என்று அக்கா சொன்னாள். கையுறை போடவேண்டிய நிலைமை யாரால் வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். சாயங்காலத்துக்குள் அவளுடைய நாற்காலி பின்னறைக்குப் போய்விட்டது. முன்னறை மேசையில் மேனேஜரே உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்தக் கடையில் வாங்கின கண்ணாடிகள் கொஞ்சம் சாய்வாகவே உலகத்தைப் பார்த்தன.

வீட்டில் அவள் கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுபவர். முன்னாலிருக்கிற வண்டி நகராவிட்டால் ஹார்ன் அடித்துப் பிரயோஜனமில்லை என்பதைத் தொழிலிலிருந்து கற்றுக்கொண்டு, அதை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்ப்பவர்.

"பின்னறையில ஏசி இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது என்றாள்.

"அப்புறம் என்ன? சம்பளம் அதேதான். நாலு பேர் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். எனக்கு அப்படி ஒரு வேலை கிடைச்சா விழுந்து கும்பிடுவேன்."

"நாளைக்கு உங்க கையைப் பார்த்துட்டு, நீங்க பஸ்ஸுக்குப் பின்னாடி உக்காந்து ஓட்டுங்கன்னு சொன்னா ஓட்டுவீங்களா?"

அது எப்படி முடியும், பின்னாலிருந்து ஓட்ட ஸ்டீயரிங் இல்லையே என்று அவர் தீவிரமாக யோசித்துப் பதில் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நல்ல மனுஷர்தான். சில விஷயங்கள் அவருக்குள் ஏறுவதற்குள் கடைசி நிறுத்தம் வந்துவிடும்.

அந்தக் கடை ஒரு பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு நடந்தது. பலகையோடு கம்பெனியின் கொள்கைகளும் சட்டமிட்டுச் சுவரில் தொங்கின. அதில் ஒன்று, எங்களிடம் பாகுபாட்டுக்கு இடமில்லை என்பது. கீழே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை யாரும் கூப்பிடுவார்கள் என்று கம்பெனியே நினைத்திருக்கவில்லை. மறுநாள் அக்கா கூப்பிட்டபோது, எடுத்தவர் இரண்டு தடவை, எந்த எண் வேண்டும் என்று கேட்டார்.

ஆனால் வந்தார்கள். சமத்துவ அதிகாரி என்று ஓர் அம்மாள், கழுத்தில் பட்டுத் துண்டு, கையில் எங்கும் வைக்க மனமில்லாத ஒரு தோல்பை. வந்தவுடன் எல்லோரையும் நிற்க வைத்து, நாம எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் யாரும் இதுவரை சொத்தில் பங்கு கொடுத்ததாகத் தெரியவில்லை. அக்காவைத் தனியே உட்கார வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்கும்போது அவளுடைய கையைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது தெரிகிற மாதிரி பார்க்கவில்லை.

பிறகு முதலாளியோடும் மேனேஜரோடும் பேசித் தீர்ப்பு சொன்னார். ஒரே ஒரு ஊழியருக்கு மட்டும் கையுறை போடச் சொன்னது பாகுபாடு. அது தப்பு. இதைக் கேட்டதும் அக்காவுக்கு மூச்சு வந்தது. அம்மாள் தொடர்ந்தார்: ஆகையால் நாளை முதல் எல்லோரும் கையுறை போடவேண்டும்.

முதலாளி கைதட்டினார். அவருக்குக் கைதட்டத் தெரிந்த அளவுக்கு எதற்கு என்று தெரியாது.

கையுறைகளைக் கம்பெனியே அனுப்பியது. நல்ல நீல நிறம், ஆபரேஷன் அறையில் போடுவதுபோல். முதல் நாள் சின்னதாக ஒரு விழாவே நடந்தது. முதலாளி கையுறை போட்டுக்கொண்டு பேசினார். கைகள் வேறு வேறு, உறை ஒன்றுதான் என்று ஏதோ சொன்னார். யாரோ எழுதிக்கொடுத்த பேச்சின் பக்கத்தைப் புரட்ட முடியாமல், முதல் பக்கத்தையே இன்னொரு தடவை வாசித்துவிட்டு உட்கார்ந்தார். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. அக்காவின் நாற்காலி முன்னறைக்குத் திரும்பி வந்தது. எல்லோரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள், அவளை நடுவில் நிறுத்தி.

இரண்டு நாள் சமத்துவம் அமோகமாக நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து கைகள் வேகத் தொடங்கின.

கண் பரிசோதிப்பவர் ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை, ஆனால் டாக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். அவர் மாற்றி மாற்றிப் போடுகிற லென்ஸ்களில் எல்லாம் கையுறைத் தூள் ஒட்டிக்கொண்டது. இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டால் வந்தவர்கள் இரண்டும் பனிமூட்டமாக இருக்கிறது என்றார்கள். அவரும் அதற்கேற்ற மாதிரி பவரை ஏற்றிக்கொண்டே போனார். கல்லாத் தங்கச்சி கார்டு இயந்திரத்தில் ஒன்றை அழுத்தினால் இரண்டு எண் விழுந்தது. பின்னறை அண்ணன் அறுத்த லென்ஸ் கையிலிருந்து நழுவிப் போய் எங்கோ விழும், அவர் தரையில் முட்டிபோட்டுத் தேடுவார், கடையிலேயே கண்ணாடி போடாமல் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அக்கா நீலக் கையுறையோடு இன்னும் இரண்டு காதுகளைச் சுட்டாள். அதன் பிறகு சூடே காட்டாமல் வளைத்தாள். ஒரு ஃபிரேம் உடைந்தது.

இதெல்லாம் உள் விவகாரம். வெளியே நடந்தது வேறு. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவர்களுக்கு, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் நீலக் கையுறையோடு நடமாடுவது தெரிந்தது. கதவைத் தள்ளப்போனவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். சிலர் பாதிக் கதவில் நின்று, இங்கே என்ன பரவியிருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்றும் பரவவில்லை, சமத்துவம்தான் என்று மேனேஜர் சொன்னார். கேட்டவர்கள் அதையும் ஒரு காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். தெருக்கோடியில் இருந்த இன்னொரு கண்ணாடிக் கடைக்கு அந்த மாதம் நாற்காலி போதவில்லை.

யோசித்துப் பார்த்தால், அக்காவின் வெறுங்கையைப் பார்த்து ஓடிய வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. கையுறையைப் பார்த்து ஓடியவர்கள் கணக்கில் அடங்கவில்லை. இதை மேனேஜர் யோசித்தாரா என்றால், யோசிப்பது அவருடைய வேலையில் சேர்ந்தது இல்லை.

கடைக்குள் ஒருவரும் மேனேஜரைத் திட்டவில்லை, கம்பெனி அம்மாளையும் திட்டவில்லை. திட்டு முழுவதும் அக்காவுக்கு வந்தது. அதுவும் நேராக வரவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சில பேருக்கு ஊரைக் கூட்டாமல் இருக்க முடியாது என்று யாரோ யாரிடமோ சொல்வார்கள். கல்லாத் தங்கச்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவளிடம்தான் எல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்தவள், இப்போது ரசீதை மேசையின் விளிம்பில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாள். கைக்காகவா கோபத்துக்காகவா என்று தெரியவில்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கேட்டும்விட்டாள்.

"ரெண்டுக்கும்தான்கா" என்றாள் தங்கச்சி. பிறகு தானே பயந்துபோய், "எங்க அம்மா சொல்றாங்க" என்று அம்மாவின் தலையில் போட்டாள்.

கூட்டம் ஒன்று கூட்டினார்கள். கதவைச் சாத்தி உட்கார்ந்து பேச வசதியான அறை கண் பரிசோதனை அறை ஒன்றுதான் என்பதால் அங்கே. நோயாளி நாற்காலியில் முதலாளி உட்கார்ந்தார். கண் பார்க்கிற கருவியை ஒதுக்கத் தெரியாமல் அதற்குப் பின்னாலிருந்தே பேசினார், எதிரில் இருந்தவர்களுக்கு அவருடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சமத்துவ அம்மாளும் வந்திருந்தார், தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு. மேனேஜர், டாக்டர் இல்லாத டாக்டர், லென்ஸ் அண்ணன், தங்கச்சி, எல்லோரும் சுவரோரமாக, நீலக் கைகளைக் கட்டிக்கொண்டு.

முதலாளி ஆரம்பித்தார். கம்பெனிக்குக் கையுறைத் திட்டம் பிடித்திருக்கிறது. ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது. எல்லோரும் கஷ்டப்படுகிறார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அக்கா தானாக விருப்பப்பட்டுப் பின்னறைக்குப் போனால் கையுறைக்கு அவசியம் இருக்காது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகக் கேட்கவேண்டும்.

"விருப்பம் முக்கியம்" என்றார் அம்மாள். "உங்க குரல்ல அது வரணும்."

அக்கா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பார்வை லென்ஸ் அண்ணன் முகத்தில் வந்து நின்றது. மதியச் சாப்பாட்டை அவரோடுதான் இத்தனை வருஷமும் சாப்பிட்டிருந்தாள். அவருடைய பெண்ணுக்கு முதல் கண்ணாடி பொருத்தியதும் இந்தக் கைதான். நீங்க என்ன சொல்றீங்கண்ணே என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "போயிடேம்மா. எங்க கை வெந்துபோச்சு. நான் என்ன உன்னைத் திங்கவா போறேன், பின்னாடி என் பக்கத்துலதானே உக்காரப்போறே."

அறையில் ஒரு சமாதானம் பரவியது. முடிந்துவிட்டது என்று மேனேஜர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"போறேன்" என்றாள் அக்கா. "சண்டை போடாம போறேன். ஒண்ணே ஒண்ணு. எதுக்காக என்னைப் பின்னாடி அனுப்புறீங்கன்னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க. சுத்தி வளைக்காம. அந்தக் கதவைத் திறந்து வச்சுட்டு, வெளியே இருக்கிறவங்க காதுல விழுற மாதிரி."

எழுந்து போய்க் கதவை அவளே திறந்து வைத்தாள்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள், இது மிகவும் உணர்வுபூர்வமான விஷயம், இப்படி வெளிப்படையாக என்று தொடங்கி, வாக்கியத்துக்கு வால் கிடைக்காமல் தோல்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். டாக்டர் தொண்டையைச் செருமினார், அதோடு அவருடைய பங்களிப்பு முடிந்தது.

"அதாவது" என்றார் மேனேஜர். அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வார்த்தைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வெளியே யாரோ மேசையைத் தட்டினார்கள். ஒரு நடுவயது ஆள், தெருக்கோடிக் கடையில் நாற்காலி கிடைக்காமல் இங்கே வந்தவராக இருக்கவேண்டும். ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்திருந்தார். கடையில ஆளே இல்லையா, குனிஞ்சா விழுது, நிமிர்ந்தா விழுது, ஆபீஸுக்கு நேரமாச்சு என்று திறந்திருந்த கதவைப் பார்த்துச் சொன்னார்.

மேனேஜர் போகலாமா என்று பார்த்தார். அவர் வளைத்தால் என்ன ஆகும் என்று முதலாளிக்கே தெரியும், மாப்பிள்ளை உட்காரு என்றார்.

அக்கா போனாள். போகிற வழியிலேயே நீலக் கையுறையை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அந்த ஆளை உட்கார வைத்தாள், கொக்கியைச் சூட்டில் புதைத்து எடுத்தாள், விரலில் தொட்டாள். பதம் உடனே தெரிந்தது. வளைத்தாள். காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனபோது அந்த ஆள் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். இருட்டறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த நீலக் கைகளைப் பார்த்தார். எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்று அவருக்குப் புரியாத மாதிரி இருந்தது. கடைசியில் உள்ளே இருந்தவர்களைக் காட்டி, "அவங்களுக்கெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"எனக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றாள் அக்கா. "நீங்க கேட்டுப் பாருங்க."

அந்த ஆள் கேட்டார். சத்தமாகவே கேட்டார், ஆபீஸுக்கு நேரமான கோபமும் அதில் இருந்தது. ஏங்க, கையில என்ன, ஏதாவது ஒட்டுமா, வீட்ல குழந்தைங்க இருக்காங்க, சொல்லித் தொலையுங்க.

முதலாளிதான் முதலில் கழற்றினார். கருவிக்குப் பின்னாலிருந்தே, யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு விரல் ஒரு விரலாக இழுத்து, சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமே இல்லை என்று வெறும் கைகளை விரித்துக் காட்டினார். அப்புறம் வரிசையாக எல்லோரும். சமத்துவ அம்மாள் கையுறையே போடவில்லை, அவர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கையுறைத் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று அறிவிப்பு வந்தது. போட்டோ மட்டும் சுவரில் தங்கிவிட்டது. அக்காவைப் பின்னறைக்குப் போ என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவில்லை. லென்ஸ் அண்ணன் இப்போது டாக்டரோடு சாப்பிடுகிறார். தங்கச்சி ரசீதை இன்னும் மேசை விளிம்பில்தான் வைக்கிறாள்.

அன்றைக்கு அந்த ஆள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், தலையை ஆட்டிப் பார்த்தார், பக்கவாட்டில் ஒரு தடவை உதறினார். இப்பத்தான் நிக்குது என்றார். நன்றி சொல்லவில்லை, அவசரம். கடையின் வாசல் கண்ணாடி வழியாக அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் நாலு அடி போனதும் நின்றார், கைக்குட்டையை எடுத்தார், அவள் தொட்ட இரண்டு காதையும் அழுத்தித் துடைத்தார். கண்ணாடி அசையவில்லை.

அக்கா மணித் தட்டின் சூட்டை ஒரு தடவை சரிபார்த்தாள். அடுத்தவரை உட்காரச் சொன்னாள்.